சாவியைக் கொடுத்தால் கடன் தீராது: வங்கியாளர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாநில அளவிலான வங்கியாளர் குழுவினருக்கு வணக்கம்.

வீட்டுக்கடன் ஏல வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்கள் நாங்கள். தவணை கட்ட முடியாமல் போனவர்களில் பலர் வீட்டுச் சாவியைக் கிளையில் கொடுத்து, "நீங்களே வித்து எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அத்தோடு கடன் ஒழிந்தது என்று நம்புகிறார்கள். கலிபோர்னியா போன்ற சில அமெரிக்க மாநிலங்களில் வீடு வாங்க எடுத்த கடனுக்கு அப்படிப்பட்ட பாதுகாப்பு உண்டு. இங்கே கிடையாது. கோர்ட்டுக்குப் போகாமலே அடமான வீட்டை வங்கி எடுத்து விற்க வழி செய்யும் சர்பேசி சட்டத்தின் 13(10) பிரிவுப்படி, ஏலத்தொகை போக நிற்கும் பாக்கிக்குக் கடன்தாரர் மேலும் ஜாமீன்தாரர் மேலும் நீங்கள் வழக்குப் போடலாம். பாக்கி 20 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் கடன் மீட்புத் தீர்ப்பாயம், அதற்குக் கீழே என்றால் சிவில் கோர்ட். இதைச் சாவி வாங்கும் மேசையில் யாரும் சொல்வதில்லை.

கணக்கைப் பாருங்கள். 30 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 20 ஆண்டு. மாதத் தவணை சுமார் 27,000 ரூபாய். ஐந்து ஆண்டில் 16 லட்சத்துக்கு மேல் கட்டிய பிறகும் அசல் ஏறக்குறைய 26.6 லட்சம் நிற்கும். விலை ஏறாத புறநகர் அடுக்ககத்தில் அந்த வீடு ஏலத்தில் 22 லட்சத்துக்குப் போனால், 4.6 லட்சமும் அதற்குள் ஏறிய வட்டியும் ஏலச் செலவும் அவர் தலையில் விழும்.

ஏலத்தில் விலை ஏன் விழுகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஏலம் கேட்டவர் 25 சதவீதத்தை அன்றே, அல்லது மறு வேலைநாளுக்குள் கட்ட வேண்டும். மீதியை, விற்பனை உறுதியான 15 நாளில் கட்ட வேண்டும். கடன் வாங்கி வீடு வாங்கும் குடும்பத்துக்கு அவ்வளவு சீக்கிரம் கடன் கிடைக்காது. ரொக்கம் வைத்திருப்பவர்கள் மட்டுமே வருவார்கள். ஆள் குடியிருக்கும் வீடு என்றால் அவர்களும் விலையைக் குறைத்தே கேட்பார்கள். யாருமே கேட்கவில்லை என்றால் விலையைக் குறைத்து, 15 நாள் அறிவிப்பில் மறு ஏலம்.

அதே வீட்டைக் கடன்தாரரே வெளியில் விற்றால் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் பாக்கியை 60 நாளில் கட்டச் சொல்லும் நோட்டீஸ் கைக்கு வந்தபின், உங்கள் எழுத்துமூல சம்மதம் இல்லாமல் அவர் விற்கக்கூடாது என்கிறது அதே சட்டத்தின் 13(13) பிரிவு. இந்தச் சம்மதம்தான் சிக்கல். விண்ணப்பத்தைக் கிளையில் வாங்கி வட்டார அலுவலகத்துக்கு அனுப்புகிறார்கள். அது அங்கேயே கிடக்கிறது. வாங்க வந்தவர் பொறுமையிழந்து போய்விடுகிறார்.

காலமும் நீளமானதல்ல. தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடன். அடுத்து 60 நாள் நோட்டீஸ். பிறகு சுவாதீனம், அதாவது வீட்டை வங்கி தன் வசம் எடுப்பது, அதன்மேல் 30 நாள் ஏல அறிவிப்பு. சட்டப்படி முதல் தவணை தவறிய ஆறேழு மாதத்திலேயே வீடு ஏலத்துக்கு வந்துவிடலாம். அந்த ஏல அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன்பு முழு பாக்கியையும் செலவையும் கட்டினால்தான் சொத்தை மீட்க முடியும். 2016 திருத்தத்துக்குப் பிறகு ஏல நாள் வரை காத்திருக்க வழியில்லை.

இடையில் நடக்கும் தவறுகள் எல்லாம் ஒரே மாதிரிதான். வாராக்கடன் ஆனபின் ஒன்றிரண்டு தவணை கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். பாக்கித் தவணையும் வட்டியும் முழுதாகக் கட்டாமல் கணக்கு சீராகாது. நோட்டீஸ் பழைய வாடகை வீட்டு முகவரிக்குப் போய்த் திரும்பிவிடும். ஆட்சேபணையை வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வருவார்கள். எழுதிக் கொடுத்திருந்தால் 15 நாளுக்குள் நீங்கள் பதில் தர வேண்டும். கடைசியில் கதவில் ஒட்டிய சுவாதீன அறிவிப்பைப் பார்த்து ஓடிவருவார்கள். தீர்ப்பாயத்தில் முறையிட 45 நாள்தான் இருக்கிறது என்பது அப்போதும் தெரியாது. பாக்கி, அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் இந்தச் சட்டமே பொருந்தாது என்பதும் நீண்ட காலம் ஒழுங்காகக் கட்டியவர்களுக்குத் தெரிவதில்லை.

சுவாதீன அறிவிப்பைத் தமிழ் நாளிதழிலும் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஊர் பார்க்கும் விளம்பரம் தமிழில் வருகிறது. வீட்டுக்காரர் கையில் கிடைக்கும் 60 நாள் நோட்டீஸோ பெரும்பாலும் ஆங்கிலத்தில், பிரிவு எண்களாக. இது அநியாயம்.

இரண்டு வேண்டுகோள். நோட்டீஸோடு ஒரே ஒரு பக்கம் தமிழ்த் தாளும் போகட்டும். 60 நாள் எந்தத் தேதியில் முடிகிறது, ஆட்சேபணையை எந்த அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புவது, எதுவரை மீட்கலாம், சாவியைக் கொடுத்தாலும் பாக்கி நிற்கும் என்பதெல்லாம் அந்தக் கணக்குக்கான தேதிகளோடும் தொகையோடும் நிரப்பப்பட்டிருக்க வேண்டும். கடன்தாரர் வாங்குபவரோடு, விலையோடு வந்தால், ஏழு வேலைநாளுக்குள் சம்மதமோ மறுப்போ காரணத்தோடு எழுத்தில் கிடைக்கட்டும். விலை பாக்கிக்குக் கொஞ்சம் குறைந்தாலும், மீதிக்குத் தவணை போட்டு விற்க விடுங்கள். ஏலத்தில் உங்களுக்கும் அதைவிட அதிகம் வந்துவிடாது.

சட்டத் திருத்தம் எதுவும் இதற்குத் தேவையில்லை. அடுத்த காலாண்டுக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இந்த இரண்டையும் சேர்த்து, எடுத்த முடிவை வெளியிடும்படி கேட்கிறோம்.

இப்படிக்கு,
வீட்டுக்கடன் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர்கள்