செடி பட்டதை நட்டவருக்கும் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பணியாளர் ஈடுபாடு பற்றிய பேச்செல்லாம் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களை வைத்தே நடக்கிறது. தோட்டம் அமைத்துப் பராமரிக்கும் தொழிலில் நிலைமை வேறு. கன்றுகளை நட்டுவிட்டு மறுநாள் குழு வேறு இடத்துக்குப் போய்விடும். நட்டவை தழைத்தனவா, பட்டுப்போயினவா என்பது அவர்கள் காதுக்கு வருவதே இல்லை. விளைவைப் பார்க்காதவருக்கு வேலையில் பிடிப்பு எங்கிருந்து வரும்?

நட்ட குழுவையே 30ஆம் நாளும் 90ஆம் நாளும் அந்த இடத்துக்கு அழைத்துப் போக வேண்டும். அரை மணி நேரம் போதும். அந்த நேரத்துக்கும் கூலி உண்டு. பட்ட செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்தாலே காரணம் பெரும்பாலும் தெரிந்துவிடும். குழி வேர்மண்ணைவிட, அதாவது வேரோடு ஒட்டியிருக்கும் மண்கட்டியைவிட, ஆழமாக இருந்தால், அடியில் போட்ட தளர்மண் அமுங்கிக் கன்று கீழே இறங்கும். தண்டிலிருந்து வேர் பிரியும் இடம் புதைந்து அழுகும். குழியின் ஆழம் வேர்மண்ணின் உயரத்தைத் தாண்டக் கூடாது, அகலம் இரண்டு மூன்று மடங்கு வேண்டும் என்று பத்து முறை சொல்வதைவிட, அழுகிய அந்தத் தண்டைக் கையில் எடுத்துப் பார்ப்பது மனத்தில் நிற்கும். அந்த இடத்தில் யார் மீது தப்பு என்று மட்டும் கிளறக் கூடாது. கிளறினால், அடுத்த முறை பட்ட செடிகள் யார் கண்ணிலும் படாமல் மறைந்துவிடும்.

களத்தில் நிற்பவரின் சொல்லுக்கு மதிப்பு வேண்டும். அடிமண் இறுகிக் கிடப்பது மண்வெட்டி பிடித்தவருக்குத்தான் முதலில் தெரியும். “இந்தக் குழியில தண்ணி நிக்குமே” என்று அவர் சொல்லும்போது “வரைபடத்துல இருக்கறபடி நடு” என்று வாயை அடைத்தால், அடுத்த தடவை பார்த்தும் பேசாமல் இருந்துவிடுவார். வேலையை நிறுத்திவைக்கும் உரிமை மேஸ்திரிக்கு வேண்டும். 30 செ.மீ. ஆழக் குழியை நீரால் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி அளக்கட்டும். மணிக்கு 2.5 செ.மீ.கூட இறங்கவில்லை என்றால், மேடு கட்டி நடுவதா, செடியையே மாற்றுவதா என்று அன்றைக்கே பதில் வர வேண்டும். முடியாது என்ற பதிலானாலும் காரணத்தோடு வர வேண்டும்.

கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை. மழுங்கிய பிளேடு புல்லை வெட்டாமல் பிய்த்துவிடும். இரண்டொரு நாளில் நுனி பழுப்பேறும். ஏச்சு வாங்குபவர் எந்திரத்தைத் தள்ளியவர். 20–25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை சாணை பிடிப்பதும், மாற்றுப் பிளேடு ஒன்று வண்டியிலேயே இருப்பதும் பெரிய செலவல்ல. பழுதான கருவியில் சிவப்புத் துணி கட்டிவிட்டால், சரிசெய்யாமல் அது மறுநாள் வண்டி ஏறக் கூடாது.

புதியவர்கள் முதல் வாரத்திலேயே நின்றுவிடுகிறார்கள் என்று உரிமையாளர்கள் வருந்துகிறார்கள். கடும் வெயிலில் முதல் நாளே முழு வேலை கொடுத்தால் நிற்கத்தான் செய்வார்கள். உயிருக்கே ஆபத்தும் உண்டு. வெயில் வேலை முதல் நாள் 20 விழுக்காடு, பிறகு நாளுக்கு 20 விழுக்காடு கூட்டினால் ஐந்தாம் நாள் முழு வேலைக்கு வந்துவிடலாம்; உடல் நன்றாகப் பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். 15–20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளை, அதாவது 240 மி.லி. அளவு தண்ணீர் தர வேண்டும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கடைசியாக ஊக்கத்தொகை. ஒரு நாளில் எத்தனை கன்று நட்டார்கள் என்று எண்ணிக் கொடுத்தால் குழி குறுகும். தொட்டிக்குள் சுருண்ட வேரைப் பிரிக்காமல் அப்படியே புதைப்பார்கள். 90ஆம் நாள் எத்தனை பிழைத்து நிற்கின்றன என்று எண்ணிக் கொடுங்கள். நட்டவர்களின் கையில் மட்டும் அது இல்லை என்பதால், தண்ணீர் விடுபவர்களுக்கும் சேர்த்தே கொடுங்கள்.

இப்படிக்கு,
தோட்டப் பணி மேற்பார்வையாளர்கள் சிலர்