ஓவிய வகுப்பிலிருந்து விலக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். பார்வையற்ற அமெரிக்க ஓவியர் ஜான் பிராம்ப்ளிட் குறித்துச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை மூன்று முறை படித்தேன். பாலக்காடு மாவட்டத்தின் எல்லையோரத்தில் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் ஓவியம் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். இப்படி ஒருவரைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தியதற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் கட்டுரையின் தலைப்பில் இருந்த 'அகக்கண்', 'அதிசயம்' என்ற இரண்டு சொற்களோடு எனக்கு வழக்கு இருக்கிறது. அதற்காகவே இந்தக் கடிதம்.

பிராம்ப்ளிட் டெக்சாஸ் மாநிலத்தின் டென்டன் நகரத்தைச் சேர்ந்தவர். வலிப்பு நோயின் விளைவாக 2001-இல் பார்வையை இழந்தார். வண்ணம் தீட்டத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான். கைத்தடியைக் கொண்டு நடைபாதையில் வழி கண்டுபிடிக்க முடிகிறது என்றால், ஓவியத் துணியிலும் விரலால் வழி கண்டுபிடிக்கலாம் என்று யோசித்தவர் அவர். காய்ந்ததும் மேடாக எழுந்து நிற்கும் வண்ணத்தால் முதலில் கோட்டை இழுக்கிறார். பிறகு அந்த வரப்பைத் தடவிக்கொண்டே உள்ளே நிறம் நிரப்புகிறார். நிறங்களையும் விரல்தான் பிரித்துச் சொல்கிறது. வெள்ளையைப் பற்பசைபோலக் கெட்டியாகவும் கறுப்பை எண்ணெய்போல இளக்கமாகவும் கலந்து வைத்துக்கொள்கிறார். இரண்டையும் குழைக்கும்போது சாம்பல் நிறம் வெளுப்பா, அடர்த்தியா என்பது பதத்திலேயே கைக்குத் தெரிந்துவிடுகிறது. இதில் அகக்கண் எங்கே வந்தது? தோசை மாவின் பதத்தை விரலால் அறியும் பெண்களை நாம் அதிசயம் என்று சொல்வதில்லையே. இது கைத்தொழில். கற்றுக்கொள்ளக்கூடியது, கற்றுக்கொடுக்கவும் கூடியது.

சொல்லுக்காக இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டுமா என்று தோன்றலாம். வேண்டும். அதிசயம் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டால், நம் பள்ளிக்கூடத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்றாகிவிடுகிறது. நானே அப்படி எதுவும் செய்யாமல் இருந்தவன்.

1990களின் இறுதியில் என்னிடம் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி படித்தாள். முதலில் மாலைப் பொழுதுகளில் தடுமாறினாள். ஒன்றிரண்டு ஆண்டுகளில் கரும்பலகையில் எழுதியிருப்பது தெரியவில்லை என்றாள். அரையாண்டுத் தேர்வுக்கு முன்பாக ஒருநாள் அவளிடம், "நீ டிராயிங் பீரியடில் வரைய வேண்டாம் கண்ணு, விலக்கு வாங்கித் தருகிறேன்" என்று சொன்னேன். எங்கள் பக்கம் எல்லாப் பிள்ளைகளையும் கண்ணு என்றுதான் அழைப்போம். வழக்கமாக வாயில் வருவதுதான் வந்தது. அவள், "கலர் டப்பாவையாவது கையில் வைத்துக்கொள்ளட்டுமா சார்?" என்று கேட்டாள். வைத்துக்கொண்டாள். பன்னிரண்டு மெழுகுக் குச்சிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டு அந்த நாற்பது நிமிடமும் உட்கார்ந்திருந்தாள். அதை நான் சலுகை என்று நினைத்தேன். விலக்கு அளித்தேன் என்பது பதிவேட்டுக்கான வாசகம். உண்மையில் அவளை வகுப்பிலிருந்து விலக்கிவைத்தேன். அடுத்த ஆண்டு அவள் குடும்பம் பனியன் கம்பெனி வேலைக்காகத் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டது.

நான் செய்தது பிழை என்று எனக்கு உணர்த்தியவர் என் தாயார். கண் நீர் அழுத்த நோயால் அவருக்குப் பக்கப்பார்வை மெல்ல மெல்லக் குறைந்து, எழுபது வயதுக்கு மேல் வெளிச்சம் மட்டுமே தெரிந்தது. கோலம் போடுவதை மட்டும் விடவில்லை. "மாவை நைசாக அரைக்க வேண்டாம், கொரகொரப்பாக வேண்டும்" என்று கேட்டு வாங்குவார். வாசல் தெளித்து ஈரம் காய்வதற்குள் உட்கார்ந்து, புள்ளியைத் தட்டையாக வைக்காமல் கொத்தமல்லி விதை அளவுக்குச் சின்ன மேடாகக் குவிப்பார். அடுத்த புள்ளிக்கு நடுவிரலின் நீளம்தான் அளவு. வைத்த புள்ளியை விரல் நுனியால் தொட்டால் கலைந்துவிடும் என்று, சுண்டுவிரலின் புறத்தால் ஒற்றிப் பார்ப்பார். ஏழுக்கு நாலு ஊடுபுள்ளி என்றால் முப்பத்தேழு புள்ளிகள். ஒரு மார்கழிக் காலையில் திண்ணையில் காப்பியோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரிசையில் ஒரு புள்ளி கூடிவிட்டதை அவரே ஒற்றிப் பார்த்துக் கண்டுபிடித்து, ஊதி அழித்துவிட்டு மேலே போனார். அன்று என் கையிலிருந்த காப்பி ஆறிப்போனது. அந்தப் பிள்ளையின் கையில் நான் கொடுத்திருக்க வேண்டியது கொரகொரப்பான மாவு. கொடுத்தது விலக்கு.

தங்கள் கட்டுரையாளர் அமெரிக்கா வரை போனது நல்லதே. போகிற வழியில் வங்காளத்தில் தாகூரின் சாந்திநிகேதனில் இறங்கியிருக்கலாம். அங்கே வாழ்ந்த ஓவியர் வினோத் பிஹாரி முகர்ஜிக்கு 1904-இல் பிறந்தபோதே ஒரு கண்ணில் பார்வை இல்லை. மறு கண்ணில் கடுமையான கிட்டப்பார்வை. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அவர் 1946-47-இல் சாந்திநிகேதன் இந்தி பவனத்தின் சுவர்களில் இடைக்கால பக்தர்களின் வாழ்வைத் தீட்டினார். 1950களின் பிற்பகுதியில் ஓர் அறுவைச் சிகிச்சை பலனளிக்காமல் பார்வை முற்றிலும் போனது. அதோடு ஓய்ந்துவிடவில்லை. காகிதத்தை மடித்தும் வெட்டியும் ஒட்டியும் படங்கள் செய்தார். மெழுகில் உருவங்கள் பிடித்தார். 1972-இல் சாந்திநிகேதனின் கலைக்கல்லூரியான கலாபவனத்தின் சுவருக்குப் பீங்கான் ஓடுகளால் பெரிய சுவரோவியமே அமைத்தார். கலை வரலாறும் கற்பித்தார். அவரிடம் படித்த சத்யஜித் ராய் அதே 1972-இல் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். 1974-இல் பத்ம விபூஷண் கிடைத்தது.

இந்தி பவனச் சுவரில் அவருக்கு உதவியாக நின்ற மாணவர்களில் ஒருவர் நம்மவர். ஓவியர் கே.ஜி. சுப்ரமணியன், பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் 1924-இல் கூத்துபறம்பில் பிறந்தவர். பின்னாளில் குருவின் எழுத்துகளை வங்காளத்திலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். பிற்காலத்தில் சுடுமண் புடைப்புச் சிற்பங்களில் அவர் காட்டிய ஈடுபாட்டைப் பார்க்கும்போது, விரல்களால் வேலை செய்த ஆசிரியரின் நினைவும் அதில் கலந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றும். இது என் ஊகம்தான். பாலக்காட்டுக்காரன் என்பதால் சற்று உரிமை எடுத்துக்கொள்கிறேன்.

பிராம்ப்ளிட் தன் ஓவியங்களோடு நின்றுவிடாமல் அருங்காட்சியகங்களோடு சேர்ந்து பயிலரங்குகள் நடத்துகிறார் என்ற செய்தி கட்டுரையின் கடைசிப் பத்தியில் இரண்டே வரியில் முடிந்துவிட்டது. எனக்கு அதுதான் முதல் பத்தி. ஓவியக் கண்காட்சிகளில் நாம் முதலில் பார்ப்பது 'தொடாதீர்கள்' என்ற பலகையை. பழைய ஓவியங்களுக்கு அது நியாயம், கை பட்டால் பாழாகும். ஆனால் பக்கத்தில் தொட்டுப் பார்க்க ஒரு நகலை வைக்கலாமே. தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் 2015-இல் 'அனுபவ்' என்ற கூடத்தைத் திறந்து, தொடுவதற்கென்றே நகல்கள் செய்து வைத்தார்கள். எங்கள் மாவட்டத்து மலம்புழையில் சிற்பி நேக் சந்த் அமைத்த பாறைத் தோட்டத்தில் உடைந்த ஓடும் வளையல் துண்டுமாக உருவங்கள் நிற்கின்றன. பார்வையற்ற பிள்ளை ஒன்று அங்கே போனால், தடவிப் பார்த்தே எது ஓடு, எது வளையல் என்று சொல்லிவிடும். நம் ஊர்க் கண்காட்சிகளிலும் அப்படி ஒரு மூலை இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இது கருணையால் கிடைக்க வேண்டியதும் இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, கலையை மாற்றுத்திறனாளிகள் அணுகும்படி செய்வதை அரசின் கடமையாகவே சொல்கிறது. அணுகல் வசதிக்கான அளவுகோல்கள் வெறும் வழிகாட்டுதலாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்த ராஜீவ் ரதூரியும் பார்வையற்றவர்தான்.

எங்கள் எல்லைப்புறத்தில் இன்னொரு சங்கதி உண்டு. தமிழா மலையாளமா என்ற பேச்சு இங்கே பள்ளிச் சேர்க்கையிலிருந்து பஸ் பலகை வரை ஓயாது. ஆனால் இந்திய மொழிகளுக்குப் பொதுவான தொட்டுப் படிக்கும் புள்ளியெழுத்தான பாரதி பிரெயிலில் தமிழின் 'க'வுக்கும் மலையாளத்தின் 'க'வுக்கும் அதே இரண்டு புள்ளிகள்தான். தடவிப் படிக்கும் பிள்ளைக்கு மாநில எல்லையின் வேலந்தாவளம் சோதனைச்சாவடி குறுக்கே நிற்பதில்லை.

தங்களிடம் ஒரு விண்ணப்பம். எங்கள் தெருவில் பார்வையற்ற கல்லூரி மாணவர் ஒருவர் இருக்கிறார். தங்கள் இணையதளத்தில் அந்தக் கட்டுரையைத் திரைவாசிப்பானில், அதாவது திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளில், கேட்டார். ஓவியங்கள் இருந்த இடத்திலெல்லாம் அது 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கிறது. பார்வையற்ற ஓவியரைப் பற்றிய கட்டுரையில் பார்வையற்ற வாசகருக்கு ஓவியம் இல்லை. இதழை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து, "படத்தில் என்ன சார் இருக்கிறது?" என்று கேட்டார். அரைமணி நேரம் சொன்னேன். ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு வரி விவரிப்பு சேர்ப்பது தங்களால் ஆகாத காரியமல்ல. இந்தக் கட்டுரையிலிருந்தே தொடங்குங்கள்.

ஓவிய ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். காலியான மருதாணிக் கோனில் பெவிகாலை நிரப்பி அட்டையில் கோடு இழுத்து, ஓர் இரவு காயவிடுங்கள். விரலுக்குத் தட்டுப்படும் வரப்பு கிடைத்துவிடும். சிவப்பில் ரவை, நீலத்தில் சலித்த மணல், பச்சையில் மரத்தூள் கலக்கலாம். மஞ்சளை மட்டும் வழவழப்பாக விட்டுவிடலாம். அவசரத்துக்கு ரப்பர் விரிப்பின்மேல் தாளை வைத்துப் பால்பாயின்ட் பேனாவால் அழுத்தினாலும் தாளின் மறுபக்கம் கோடு எழும். மாம்பழம், தேர், தென்னை, யானை என்று பத்து அட்டைகள் செய்து என் வீட்டுத் திண்ணையில் அடுக்கிவைத்திருக்கிறேன். சித்தூர் வட்டத்தில் எந்தப் பள்ளி கேட்டாலும் நானே பஸ்ஸில் கொண்டுவந்து தருவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.