மீன் தொட்டியில் பிள்ளைகளுக்கு எந்த வேலை?

ஆசிரியருக்கு,

வீட்டில் மீன் தொட்டி வைப்பவர்கள் தீனி போடும் வேலையைத்தான் பிள்ளைகளிடம் முதலில் விடுகிறார்கள். ஆபத்தே அங்கேதான். பாசத்தில் ஆளுக்கொரு சிட்டிகை போட, மிச்சம் அடியில் அழுகி, மீனுக்கு நஞ்சான அம்மோனியா ஏறும். மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து நிற்கும். 2 நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவை நாள்வாரியாகச் சின்ன டப்பாக்களில் பிரித்து வைத்துவிட்டால், டப்பா காலி என்றால் அன்றைய தீனி முடிந்தது. சண்டைக்கே இடமில்லை.

பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை தண்ணீர்ப் பரிசோதனை. சோதனைக் குழாயில் சொட்டு மருந்தை எண்ணி விட்டு, மாறும் நிறத்தை அட்டையோடு ஒப்பிடுவதில் அவர்கள் கில்லாடிகள். புதுத் தொட்டியில் அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா வளர 4 முதல் 6 வாரம் ஆகலாம். வெறும் தண்ணீரை ஓடவிட்டால் போதாது, அந்தப் பாக்டீரியாவுக்கு இரை கிடைக்க, மீன் இல்லாவிட்டாலும் தினமும் துளி தீனி போட வேண்டும். அம்மோனியா, அது சிதைந்து உண்டாகும் இன்னொரு நஞ்சான நைட்ரைட் இரண்டும் ஏறி இறங்கி பூஜ்யம் காட்டிய பிறகே மீன் வாங்கலாம்.

வாரந்தோறும் கால்பங்கு தண்ணீர் மாற்றுவது பெரியவர்கள் பாடு. ஹீட்டர் பிளக்கைப் பிடுங்காமல் கை வைக்கக் கூடாது. ஃபில்டர் ஸ்பாஞ்சை, வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள். குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

— ஒரு வாசகர்