கரை தொடாத நாள்: அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

பயணத் திட்டத்தைக் காட்டியபோது நீங்கள் கேட்ட முதல் கேள்வி நினைவிருக்கிறதா? "மூன்றாம் நாளுக்கு நேரே ஊர்ப் பெயரே இல்லையே?" கடல் நாள் என்று சொன்னேன். "தண்ணீரைப் பார்க்கவா இவ்வளவு பணம் கட்டுகிறாய்?" என்றீர்கள். பதில் சொல்லத் தெரியாமல் சிரித்து வைத்தேன். இப்போது நீங்களும் கப்பல் ஏறப் போகிறீர்கள். கடல் நாளே இல்லாத வேறு பயணத்துக்கு மாற்றிக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். மாற்றிவிடாதீர்கள். அந்த மூன்றாம் நாளை இன்று முழுக்கக் கழித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நேற்று கரையிறங்கிய நாள். விடியும்முன் எழுந்து, வரிசையில் நின்று, ஊரை அவசரமாக மேய்ந்து, கப்பல் கிளம்பிவிடுமோ என்ற பதைப்பிலேயே திரும்பினோம். அந்த ஊரில் நான் அதிகம் பார்த்தது என் கைக்கடிகாரத்தைத்தான். இன்று அதைக் கழற்றி வைத்துவிட்டேன்.

சும்மா இருக்கும் நாள் என்றாலும் கப்பல் சும்மா இருப்பதில்லை. நண்பகலில் கேப்டன் ஒலிபெருக்கியில் பேசினார்: வேகம் 20 நாட், அடியில் ஆழம் 3,000 மீட்டருக்கும் மேல். 20 நாட் என்றால் மணிக்கு 37 கிலோமீட்டர். கேட்பதற்குச் சைக்கிள் பந்தயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் இரவும் பகலும் நிற்காமல் ஓடினால் ஒரு நாளில் 890 கிலோமீட்டர் வருகிறது. சாய்வு நாற்காலியில் கால் நீட்டியபடி அவ்வளவு தூரம் போயிருக்கிறேன். உங்களுக்குச் சொற்களின் கதை பிடிக்கும் என்பதால் இதையும் சொல்கிறேன்: நாட் என்றால் முடிச்சு. பழைய மாலுமிகள் இடையிடையே முடிச்சுப் போட்ட கயிற்றின் நுனியில் கட்டையைக் கட்டிக் கடலில் விடுவார்களாம். மணற்கடிகாரம் வடிவதற்குள் கைவழியே எத்தனை முடிச்சு நழுவியது என்று எண்ணுவார்கள். அதுதான் வேகம்.

நாற்காலி என்றதும் கோபம் வருகிறது. காலை ஏழு மணிக்கே நீச்சல் குளத்தைச் சுற்றியிருந்த நாற்காலி எல்லாவற்றிலும் துண்டு கிடந்தது, ஆளைக் காணோம். பத்து மணிக்கும் காணோம். கடலுக்கு நடுவிலும் துண்டு போட்டு இடம் பிடிக்கும் மனித குலத்தை என்னவென்று சொல்வது! நீங்கள் அங்கே போய் மல்லுக்கட்டாமல் நேராகக் கப்பலின் பின்புறத்துக்குப் போய்விடுங்கள். மீனவர்கள் அமரம் என்பார்களே, அந்தப் பக்கம். கூட்டமே இருக்காது. சுழலிகள் கலக்கிவிட்ட வெளிர்நீலப் பாதை தொடுவானம்வரை நீண்டு கிடக்கும். நான் அங்கே போனபோது கையில் புத்தகம் இருந்தது. இரண்டு மணி நேரத்தில் நான்கு பக்கம்கூடத் தாண்டவில்லை.

வாந்தி வருமோ என்ற உங்கள் பயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீர்மட்டத்துக்குக் கீழே இருபுறமும் துடுப்பு போன்ற தகடுகளை நீட்டிப் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கிறார்கள். முன்னும் பின்னுமாக ஏறி இறங்கும் ஆட்டத்துக்கு அவற்றால் பெரிய பயன் இல்லை. அதனால் அறை பதிவு செய்யும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளமாகப் பார்த்து வாங்குங்கள். மாலையில் அறைக்குள் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கும் லேசாகக் குமட்டியது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'ஆடுகிறோம்' என்கிறது. கண்ணோ எதிரில் இருக்கும் சுவரைப் பார்த்து 'இல்லை' என்கிறது. இந்தச் சண்டைதான் குமட்டல். வெளியே வந்து தொடுவானத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கால் மணியில் இரண்டும் சமாதானமாகிவிட்டன.

கரையில் நின்று பார்த்தால் தொடுவானம் ஏறக்குறைய 5 கிலோமீட்டரில் முடிந்துவிடும். நான் நின்ற மேல்தளம் நீர்மட்டத்திலிருந்து 35 மீட்டர் இருக்கும். அந்த உயரத்துக்குப் பார்வை 21 கிலோமீட்டர் வரை போகும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவ்வளவு தூரத்துக்குத் தண்ணீர்; நடுவில் நாங்கள் மட்டும். முதலில் சற்றுப் பயமாகத்தான் இருந்தது. பிறகு யாரும் எதற்கும் என்னைக் கூப்பிட முடியாது என்று உறைத்தது. இணையத்துக்குத் தனியாகப் பணம் கட்டச் சொன்னார்கள், கட்டவில்லை. இந்த ஆண்டில் நான் எடுத்த நல்ல முடிவு அதுதான்.

நாள் முழுக்க என்ன பார்த்தாய் என்பீர்கள். தொலைவில் ஒரு சரக்குக் கப்பல். அப்புறம் பறக்கும் மீன்கள். சின்னப் பறவைகள் என்றுதான் முதலில் நினைத்தேன். வேகம் குறையும்போது வால் நுனியால் தண்ணீரை ஒரு தட்டுத் தட்டி மறுபடியும் எழும்பின. அவ்வளவுதான்.

மேற்கு நோக்கிப் போகிறோம். தீர்க்கரேகையில் 15 பாகைக்கு (டிகிரி) ஒரு மணி நேரம் என்ற கணக்கில் இன்றிரவு கடிகாரத்தைப் பின்னால் தள்ளச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் இலவசமாகக் கிடைத்திருக்கிறது. அதில் பாதியை இந்தக் கடிதத்துக்குச் செலவழித்துவிட்டேன். மீதியோடு பின்புறத்துக்குப் போகிறேன். இருட்டில் அந்த நுரைப் பாதை எப்படித் தெரியும் என்று இன்னும் பார்க்கவில்லை.

அன்புடன்,
உங்கள் தங்கை