குயின்ஸிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்தபிறகுதான் நிம்மதி. பெரியவன் ஒரு வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்துவிட்டான் என்கிறாய். முதல் இரண்டு வருஷம் வருமானத்தைப் பார்க்காதே, ஃபைலை மட்டும் படி என்று நான் சொன்னதாகச் சொல்.

உன் தங்கை மகள் குடும்பத்தோடு நியூயார்க் வரப்போகிறாள், பிள்ளையைக் காரில் விட்டுவிட்டுக் கடைக்குள் போனால்கூடக் கைது செய்கிறார்களாமே, அந்தக் கேஸெல்லாம் கடைசியில் என்னதான் ஆகும் என்று கேட்டிருந்தாய். நான் அடிக்கடி நடத்துகிற வழக்கு இது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இங்கே தண்டனைச் சட்டத்தில் 260.10 என்று ஒரு பிரிவு. குழந்தையின் நலனுக்கு ஆபத்து விளைவித்தல். 17 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் உடலுக்கோ மனதுக்கோ ஒழுக்கத்துக்கோ கேடு வரக்கூடிய விதத்தில், தெரிந்தே நடந்துகொண்டால் போதும். கேடு வந்திருக்க வேண்டும் என்பதில்லை. பிள்ளையை வதைத்தவன்மீதும் இதே பிரிவுதான், பத்து நிமிஷம் அசந்த தாய்மீதும் இதே பிரிவுதான். இவ்வளவு அகலமாக ஒரு சட்டத்தை வைத்தால், யார்மீது எப்படிப் போடுவது என்பது போலீஸ்காரர் கையிலும் அரசு வக்கீல் கையிலும் போய்விடுகிறது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனால் பூட்டிய காரில் வெயிலில் பிள்ளைகள் செத்திருக்கிறார்கள், சட்டமே வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது.

அதிகபட்சம் 364 நாள் சிறை. 2019 வரை ஒரு வருஷமாக இருந்தது. ஒரு வருஷத் தண்டனைக்கு இடமிருக்கிற குற்றம் என்றாலே குடிவரவுச் சட்டத்தில் சிலர் நாடு கடத்தப்படும் நிலை வந்ததால், ஒரு நாளைக் குறைத்தார்கள். உண்மையில் முதல் தடவை சிக்குகிற பெற்றோர் சிறைக்குப் போவது அபூர்வம். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரு வழக்கைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றித்தான். இளம் தகப்பன், கிரீன் கார்டு வைத்திருப்பவர். தூங்கிக்கொண்டிருந்த மகளைப் பின் சீட்டில் விட்டுவிட்டு மருந்துக்கடைக்குள் போயிருக்கிறார். வெளியே வந்தால் காருக்குப் பக்கத்தில் போலீஸ். மறுநாள் கியூ கார்டன்ஸில் இருக்கும் கிரிமினல் கோர்ட்டில் முதல் ஆஜர். பெல்ட்டையும் ஷூ லேஸையும் உருவிக்கொண்டிருந்தார்கள், பேன்ட்டை ஒரு கையால் பிடித்தபடி என்னிடம் கேட்ட முதல் கேள்வி: “சார், ஃபைனைக் கட்டிட்டா முடிஞ்சிருமா?”

உனக்குத் தெரியாததா? நம்ம ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சின்ன கேஸ் என்றால் ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். அதே நினைப்போடுதான் நம் ஆட்கள் இங்கேயும் வருகிறார்கள். அரசு வக்கீலும் அன்றைக்கு அதைத்தான் நீட்டினார்: குற்றத்தை ஒப்புக்கொள்ளட்டும், சிறை வேண்டாம், ஒரு வருஷம் வம்பில்லாமல் இருந்தால் சரி. கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் 260.10-ல் ஒப்புக்கொள்வது நாடு கடத்தலுக்குக் காரணமாகும் ‘குழந்தைக் கொடுமை’யில் சேரும் என்று குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் 2016-ல் தீர்ப்புச் சொன்னது, நியூயார்க்குக்கு மேலுள்ள மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றமான இரண்டாவது சர்க்யூட் 2019-ல் அதை ஏற்றுக்கொண்டது. ஒரு நாள்கூட உள்ளே இருக்காதவர் நாட்டைவிட்டே போகவேண்டியிருக்கும். இதைக் கட்சிக்காரரிடம் சொல்வது வக்கீலின் கடமை என்று 2010-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாடில்லா வழக்கில் சொல்லியிருக்கிறது.

நாங்கள் கேட்டது வேறு. இங்கே ஏ.சி.டி. என்று ஒன்று உண்டு, தள்ளுபடியை எதிர்பார்த்து வழக்கை ஒத்திவைப்பது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே ஆறு மாசம் வாய்தா, குடும்பக் குற்றம் என்று சட்டம் பட்டியலிட்டவையாக இருந்தால் ஒரு வருஷம். பெரும்பாலும் பெற்றோருக்கான வகுப்பை முடித்துச் சான்றிதழ் காட்டச் சொல்வார்கள். அதற்குள் அரசுத் தரப்பு வழக்கை மறுபடி எடுக்கச் சொல்லாவிட்டால் தானாகவே தள்ளுபடி, ரெக்கார்டுக்கும் சீல். முதல் தடவை, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் பல வழக்குகள் இப்படித்தான் முடிகின்றன. அதற்கு இறங்கி வராவிட்டால், பொது ஒழுங்கைக் கெடுத்ததாக ஒரு சின்னப் பிரிவுக்கு மாற்றிக் கேட்போம். அது சட்டப்படி ‘குற்றம்’ ஆகாது, அதிகபட்சம் 15 நாள் சிறை. ஆறு பேர் ஜூரி வைத்து விசாரணை வரை போவது மிகக் குறைவு.

அன்றைக்கு என்னை உலுக்கியது இன்னொன்று. ஜட்ஜ் பாதுகாப்பு உத்தரவு போட்டார்: தகப்பன் மகள் அருகே போகக்கூடாது. அப்படியென்றால் அவர் இரவு எங்கே படுப்பார்? எழுந்து நின்று, ‘குடும்ப நீதிமன்ற உத்தரவுக்கு உட்பட்டு’ என்று சேர்க்கும்படி கேட்டேன். சேர்த்தார். அதைச் சேர்த்ததால்தான் குயின்ஸிலேயே ஜமைக்கா என்ற பகுதியில் இருக்கும் குடும்ப நீதிமன்றம் பிறகு அவரை வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. கிரிமினல் வழக்கு ஒரு பக்கம் நடக்க, குழந்தை நலத் துறை 60 நாளுக்குள் தனியாக விசாரித்து முடிக்கும். கிரிமினல் கேஸ் தள்ளுபடியானாலும் அந்தத் துறை விசாரித்து எழுதிய பதிவு தானாக அழியாது. அதற்குத் தனியாக மனுப் போட வேண்டும்.

அவர் கேஸ் ஏ.சி.டி.யில் முடிந்தது.

உன் தங்கை மகளிடம் இரண்டு விஷயம் சொல். வாசலில் குழந்தை நலத் துறை அதிகாரி வந்தால் மரியாதையாகப் பேசட்டும். ஆனால் அவர்களிடம் சொல்வது கிரிமினல் கோர்ட்டிலும் வரும், அதனால் வக்கீலைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்கிறேன் என்று சொல்லலாம். அவசர நிலையோ கோர்ட் உத்தரவோ இல்லாமல் அவர்கள் வலிய உள்ளே வரவும் முடியாது. அப்புறம், வசதி இல்லாவிட்டால் இரண்டு கோர்ட்டிலும் இலவச வக்கீல் உண்டு, தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேட்டு வாங்கலாம். அரைகுறை ஆங்கிலத்தில் ‘எஸ், எஸ்’ என்று தலையாட்டக் கூடாது.

என் நம்பரை அவளிடம் கொடுத்துவிடு. எந்த ராத்திரியானாலும் கூப்பிடட்டும். நீ உன் ஷுகரைப் பார்த்துக்கொள். தை மாசம் வருகிறேன், ஒரு வாரம் மதுரையில்தான்.

உன் பழைய ரூம்மேட்