வைரம் மெட்ராஸ் வழியா போன கதையையும் போடுங்க சார்

ஆசிரியர் சார் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல அந்தக் காலத்து இங்கிலீஷ் நாவலாசிரியர் வில்கி காலின்ஸ் பத்தி ஒரு பக்கம் போட்டிருந்தீங்க, தமிழ் பேப்பர்ல அந்த மனுஷன் பேரை எடுக்கவும் ஆள் இருக்காங்களேன்னு சந்தோஷமாத்தான் படிக்க ஆரம்பிச்சேன். ஆனா பாருங்க, பாதி பக்கம் அவரு கல்யாணமே பண்ணிக்காம ரெண்டு குடும்பம் நடத்துனாரு, மூட்டு வலிக்கு அபின் கலந்த மருந்தா குடிச்சு தள்ளுனாருன்னு போயிடுச்சு, மீதி நாவலாசிரியர் டிக்கன்ஸோட தோஸ்துன்னு போயிடுச்சு. அவரோட 'மூன்ஸ்டோன்' நாவலுக்கு கடைசியில நாலே வரி, அதுலயும் நமக்கு சம்பந்தமில்லாத ஏதோ வடநாட்டு வைரத்தோட கற்பனைன்னு முடிச்சிட்டாரு கட்டுரை எழுதுனவரு. அந்த வரிக்காகத்தான் இந்த லெட்டர். பழைய வண்ணாரப்பேட்டையில உக்காந்துகிட்டு அதை படிச்சிட்டு சும்மா இருக்க முடியல சார்.

கதை எங்க ஆரம்பிக்குது? 1799 மே 4, ஸ்ரீரங்கப்பட்டணம், திப்பு சுல்தான் செத்த அன்னிக்கு. கோட்டை விழுந்ததும் ஹெர்ன்காசில்னு ஒரு இங்கிலீஷ் ஆபீசர் காவலுக்கு நின்ன மூணு பேரை வெட்டி சாய்ச்சிட்டு திப்புவோட குத்துவாள் பிடியில பதிச்சிருந்த வைரத்தை அடிச்சிட்டு போறான். குஜராத் சோமநாத் கோயில் சந்திர சாமி நெத்தியில இருந்த கல் அது. இது கற்பனை, ஒத்துக்கறேன். ஆனா அந்த சண்டை கற்பனையா? படைக்கு தலைமை மெட்ராஸ் ராணுவத்து ஜெனரல் ஹாரிஸ், படை கிளம்புனது வேலூர்ல இருந்து, கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியே கல்கத்தாவை விட்டுட்டு மெட்ராஸ் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில வந்து உக்காந்துதான் வேலையை நடத்துனாரு. பாரீஸ்ல பஸ் இறங்கி நடந்தா வர்ற அதே கோட்டைதான் சார், இதுல வடநாடு எங்க வந்துச்சு?

அதைவிட முக்கியமான விஷயம் புத்தகத்தோட முன்னுரையிலயே இருக்கு, ஒரே ஒரு பக்கம், கட்டுரை எழுதுனவரு அதை புரட்டாம தாண்டிட்டாருன்னு நினைக்கிறேன். தன் கதையில பல விஷயத்தை ரெண்டு நிஜ வைரத்துல இருந்து எடுத்தேன்னு காலின்ஸே சொல்றாரு. ஒண்ணு எல்லாருக்கும் தெரிஞ்ச கோகினூர். இன்னொண்ணு ரஷ்ய ராஜாவோட செங்கோல் உச்சியில இருக்குறது, ஒரு இந்திய சாமியோட கண்ணா இருந்த கல்லுன்னு எழுதியிருக்காரு. ஓர்லோவ் வைரம்னு சொல்வாங்க, 190 காரட்டுக்கு ஒட்டி, பாதி முட்டை மாதிரி வடிவம், இப்பவும் மாஸ்கோ கிரெம்ளின்ல இருக்கு. எந்த சாமியோட கண்ணுன்னு கேட்டா, காலங்காலமா சொல்லிட்டு வர்ற கதை நம்ம ஸ்ரீரங்கம் ரங்கநாதரத்தான் காட்டுது. பிரெஞ்சு படையில இருந்து ஓடிவந்த ஒரு சிப்பாய் பக்தன் வேஷம் போட்டு கோயிலுக்குள்ள நுழைஞ்சு கல்லை பேத்து எடுத்துகிட்டு, நேரா எங்க வந்தான் தெரியுமா, மெட்ராஸுக்கு. இங்க ஒரு இங்கிலீஷ் கப்பல் கேப்டன் கிட்ட 2,000 பவுண்டுக்கு தள்ளிட்டான்னு கதை. அப்புறம் கை மாறி கை மாறி ஓர்லோவ் பிரபு வாங்கி மகாராணி கேத்தரினுக்கு குடுத்தாரு. இதெல்லாம் கட்டுக்கதை, அது முகலாயர் கல்லுதான்னு சொல்ற ஆராய்ச்சிக்காரங்களும் உண்டு, இருக்கட்டும். ஆனா திருட்டு வைரத்தை எங்க கொண்டுபோய் விக்கலாம்னு கதை கட்டுனவனுக்கும் மொதல்ல வாயில வந்தது நம்ம ஊர் பேருதானே!

நாவல்ல இன்னொரு சங்கதி. கோட்டைக்குள்ள கொள்ளையடிக்கிறவனை கையும் களவுமா புடிச்சா தூக்குல போடுவேன்னு ஜெனரல் பெயர்டு உத்தரவு போடுறாரு. நிஜத்துல அதே பெயர்டுக்கு திப்புவோட வாள் பரிசா போச்சு, அந்த வாள் 2023 மே மாசம் லண்டன் ஏலத்துல 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு போச்சு. காலின்ஸ் இருந்திருந்தா சிரிச்சிருப்பாரு.

துப்பறியற கதையா பாத்தாலும் சும்மா இல்ல சார். ஹெர்ன்காசில் சாகும்போது அந்த கல்லை தங்கச்சி பொண்ணுக்கு எழுதி வைக்கிறான், பொறந்தநாள் அன்னிக்கு ராத்திரியே அது காணாம போயிடுது. வீட்டுக்குள்ள ஒரு கதவுக்கு புதுசா பெயின்ட் அடிச்சிருக்காங்க, சாவித்துவாரத்துக்கு கீழ லேசா ஒரு தீத்தல். உள்ளூர் போலீஸ் அதிகாரி இதெல்லாம் ஒரு விஷயமான்னு விட்டுடறாரு. லண்டன்ல இருந்து வர்ற சார்ஜென்ட் கஃப், ஒல்லியா ரோஜா செடி பைத்தியம் புடிச்ச ஆளு, அவரு அங்கயே நின்னுடறாரு. பெயின்ட் எத்தனை மணி நேரத்துல காயும், அது ஈரமா இருந்தப்ப யாரு துணி உரசுச்சு, கறை பட்ட அந்த துணி இப்ப எங்கன்னு ஒரு சொட்டு பெயின்டை வச்சு மொத்த வீட்டையும் ஆட்டி வைக்கிறாரு. துணி யாருதுன்னு நான் சொல்லமாட்டேன், ஆனா அது தெரியற எடத்துல புத்தகத்தை மூடி வச்சிட்டு ஒரு டீ குடிச்சிட்டு வந்துதான் மேல படிச்சேன்.

கல்லை தேடி மூணு பிராமணங்க வித்தை காட்டுறவங்க மாதிரி வேஷம் போட்டுகிட்டு இங்கிலாந்து கிராமத்துக்கு வர்றாங்க. ஒரு சின்ன பையன் உள்ளங்கையில மையை ஊத்தி அதுல என்ன தெரியுதுன்னு கேக்கறாங்க, வெத்தலையில மை போட்டு பாக்குற நம்ம ஊரு ஆளுங்களுக்கு அதை விளக்கவே வேணாம். கல்லு காணோம்னதும் போலீஸ் மொதல்ல அமுக்குனது இந்த மூணு பேரைத்தான், அன்னிக்கு ராத்திரி அவங்க எடுக்கலைன்னு ஆதாரம் இருந்தும் உடனே விடல. வியாசர்பாடி, புளியந்தோப்புன்னு அட்ரஸ் சொன்னதுமே மேலயும் கீழயும் பாக்கப்படுற எங்க ஏரியா பசங்க இந்த சேப்டரை படிச்சா என்ன சொல்வாங்கன்னு கேக்க ஆசையா இருக்கு. கடைசியில கல்லு யாரு கைக்கு போச்சுங்கறதுதான் விஷயமே, காத்தியவார்ல இருக்குற அந்த சாமி நெத்திக்கே திரும்பிடுது. 1857 கலகம் வெடிச்சு பதினோரு வருஷத்துல, இந்தியன்னாலே கொல்லணும்னு கத்திட்டு இருந்த ஜனங்களுக்கு நடுவுல, எங்க ஆபீசர்தான் திருடன், பொருள் சொந்தக்காரன் கிட்டயே போயிடுச்சுன்னு முடிச்சான் பாருங்க. அதுவும் டிக்கன்ஸோட பத்திரிகையில, 1868 ஜனவரில இருந்து ஆகஸ்ட் வரைக்கும் வாராவாரம்.

அதுக்காக அவரை தியாகி ஆக்கவும் வேணாம். காலின்ஸ் நாடகமும் எழுதுனவரு, டிக்கன்ஸ் நடிச்ச 'ஃப்ரோசன் டீப்' இவரு எழுதுனதுதான், 1857ல விக்டோரியா ராணியே உக்காந்து பாத்தாங்க. அந்த மனுஷன் 1877ல மூன்ஸ்டோனை லண்டன் ஒலிம்பிக் தியேட்டர்ல மேடையேத்துனப்ப அந்த மூணு இந்தியர்களையே தூக்கிட்டாரு. கதையில வர்ற அபினும் கட். மிச்சம் என்ன, ஒரு பணக்கார வீட்டுல நகை காணோம், அவ்வளவுதான். டிக்கெட் வாங்கி வர்றவங்க மூஞ்சி சுளிக்கக்கூடாதுன்னு நினைச்சாரோ என்னவோ, எனக்கு அதுல வருத்தம்தான். அதே தப்பை நம்ம பேப்பரும் பண்ணக்கூடாது இல்லையா, நீங்க போட்ட கட்டுரையிலயும் அந்த மூணு பேரை பத்தி ஒரு வரி கூட இல்ல.

தொடரா வந்தப்ப டிக்கன்ஸ் பத்திரிகை ஆபீஸ்ல மூட்டை தூக்குறவங்களும் எடுபிடி பசங்களும் முதுகுல சுமையோடவே மூலையில ஒதுங்கி நின்னு புது இதழை படிச்சாங்கன்னு புத்தகமா போட்ட டின்ஸ்லி எழுதி வச்சிருக்காரு. கொத்தவால்சாவடி, ஹார்பர், காசிமேடு பக்கம் டீக்கடையில பேப்பரை நாலு பேரு பங்கு போட்டு படிக்கிறதை பாத்தவங்களுக்கு இது ஆச்சரியமே இல்ல. மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில இங்கிலீஷ்ல கிடைக்குது, ஆனா இங்கிலீஷ் வராத எங்க தெரு ஆளுங்களுக்கு என்ன வழி?

அதனால ரெண்டு வேண்டுகோள். அடுத்த ஞாயிறு ஸ்ரீரங்கம் கதையையும் மெட்ராஸ் கப்பல் கேப்டனையும் கால் பக்கமாவது போடுங்க. அப்புறம் நல்ல ஆளா புடிச்சு தமிழ்ல எழுத வச்சு மூன்ஸ்டோனை வாராவாரம் தொடரா விடுங்க, ஊரு பேரு ஆளு பேரெல்லாம் கும்பகோணம் கோவிந்தசாமின்னு மாத்தாம இருக்குறபடியே வேணும். எழுத்தை மட்டும் கொஞ்சம் பெருசா அச்சடிங்க, இணைப்புல வர்ற பொடி எழுத்து கண்ணாடி போட்டாலும் தெரியமாட்டேங்குது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை