எங்கள் ஆர்சனிக் உணரிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய அனைவருக்கும் வணக்கம்.

செயற்கை உயிரியலில் மாணவர் அணிகளுக்கான உலகப் போட்டியான ஐஜெமின் பாரிஸ் இறுதி நிகழ்வில் (கிராண்ட் ஜாம்போரி) எங்கள் மாணவர் அணி தங்கப் பதக்கம் பெற்றிருக்கிறது. குடிநீரில் ஆர்சனிக் இருந்தால் பச்சையாக ஒளிரும் ஈ. கோலை பாக்டீரியாவை உருவாக்குவதுதான் எங்கள் திட்டம். 2004இல் ஐந்தே அணிகளுடன் தொடங்கிய இந்தப் போட்டியில் தங்கம் ஒரே ஓர் அணிக்குப் போவதில்லை; வகுத்த தகுதிகளை நிறைவேற்றும் எல்லா அணிகளுக்கும் கிடைக்கும். எந்த வேலையை மாணவர்கள் செய்தார்கள், எதில் யார் உதவினார்கள் என்று பிரித்து எழுதித் தருவதும் அந்தத் தகுதிகளில் ஒன்று. படிவத்தில் சுருக்கமாகவே எழுத முடிந்தது. யாருடைய அறிவுரை எந்த அளவீட்டைக் காப்பாற்றியது என்பதை இங்கே விரிவாகச் சொல்லிவிடுகிறோம்.

முதல் நன்றி ஆய்வகத் தொழில்நுட்பருக்கு. டி.என்.ஏ. துண்டுகளை இணைக்கும் கோல்டன் கேட் முறையில், பிஎஸ்ஏ-1 என்ற நொதி தான் அடையாளம் காணும் இடத்துக்கு வெளியே வெட்டி, நான்கு எழுத்து நீளமுள்ள ஒட்டுமுனைகளை விட்டுச்செல்லும். 37 டிகிரியில் வெட்டு, 16 டிகிரியில் ஒட்டு, இப்படி 30 சுற்றுகள், கடைசியில் 60 டிகிரியில் 5 நிமிடம். காகிதத்தில் எளிது. ஆனால் ஒட்டும் நொதியான லைகேஸின் பஃபர் கரைசலில் உள்ள, அதற்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு உறைந்து உருகும்போதெல்லாம் சிதையும். ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப எடுத்தால் நொதி நன்றாகவே இருக்கும், ஒட்டுதல் மட்டும் நடக்காது. பஃபர் வந்த அன்றே சிறு குழாய்களில் பிரித்து வைக்கச் சொன்னவர் அவர். துண்டுகளைச் சுமக்கும் டி.என்.ஏ.வான வெக்டரில் சிவப்பு ஒளிர்வு மரபணுவை வைத்து, துண்டு சேராத காலனிகள் (பாக்டீரியாக் கூட்டங்கள்) சிவப்பாகத் தெரியும்படி செய்யலாம் என்பதும் அவர் யோசனைதான். குளோராம்ஃபெனிகால் என்ற நுண்ணுயிர்க்கொல்லி கலந்த பிளேட்டில் வெள்ளைக் காலனிகளை மட்டும் தொட்டால் போதும் என்றானபின் துண்டு சேர்ந்ததா என்று பார்க்கும் பிசிஆர் சோதனைகள் பெரிதும் குறைந்தன.

மரபணு வடிவமைப்பில் வழிகாட்டிய நுண்ணுயிரியல் பேராசிரியருக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது. ஆர்ஸ்-ஆர் என்ற புரதம், மரபணுவை இயக்கும் டி.என்.ஏ. பகுதியான புரோமோட்டரை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆர்சனிக்கின் ஒரு வடிவமான ஆர்செனைட் வந்து பற்றினால் டி.என்.ஏ.வை விட்டு விலகும், ஒளிர்வு தொடங்கும். சிக்கல் எங்கே என்றால், ஆர்ஸ்-ஆர் தன் உற்பத்தியையே அடைப்பதால் அதன் அளவு குறைவாகவே நிற்கும். அதனால் ஆர்சனிக்கே இல்லாத நீரிலும் பின்னணி ஒளிர்வு கசியும். ஆர்ஸ்-ஆர் மரபணுவுக்கும் ஒளிர்வு மரபணுவுக்கும் நடுவே இரண்டாவது பிணைப்பிடம் ஒன்றை வைத்தால் அந்தக் கசிவு குறையும் என்று காட்டினார். லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் ஆர்சனிக்குக்குப் பக்கத்தில் வித்தியாசம் காண வேண்டிய கருவிக்கு இது உயிர்நாடி.

வேதியியல் துறை நண்பர்களே, நீங்கள் இல்லையென்றால் எங்கள் தரவு தவறான திசையில் போயிருக்கும். ஆர்சனிக்கின் மற்றொரு வடிவமான ஆர்சனேட் உருவத்தில் பாஸ்பேட்டை ஒத்திருப்பதால், பாஸ்பேட்டை உள்ளே இழுக்கும் அதே வாயில் வழியாகத்தான் அதுவும் செல்லுக்குள் போகிறது. செல்களை வளர்க்கும் எம்-9 ஊடகத்திலோ பாஸ்பேட் ஏராளம். இரண்டும் போட்டியிட்டால் ஆர்சனேட் தோற்கும். நீரில் நஞ்சு இருந்தும் செல் பேசாமல் இருக்கும். ஆர்செனைட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது கிளிசரால் வாயிலால் நுழைகிறது. பாஸ்பேட் குறைத்த ஊடகத்தின் செய்முறையை நீங்கள் எழுதிக்கொடுத்தீர்கள். இரும்பு மிகுந்த கிணற்று நீர் காற்றுப் பட்டதும் துருவாகப் படியும், ஆர்சனிக்கும் அதோடு சேர்ந்து இறங்கிவிடும் என்பதைப் புட்டியை ஆட்டிக் காட்டியே விளக்கினீர்கள். அமிலம் சேர்த்துப் பாதுகாத்த மாதிரியைச் செல்லுக்குக் கொடுக்கும் முன் நடுநிலைப்படுத்த வேண்டும், இல்லையேல் செல் செத்துவிடும் என்பதும் உங்கள் எச்சரிக்கை. அதே மாதிரிகளை தனிமங்களை நுண்ணிய அளவிலும் அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் அளந்து தந்ததால்தான் நடுவர்களின் கேள்விகளுக்குத் தயக்கமின்றிப் பதில் சொல்ல முடிந்தது.

ஒளிர்வை அளப்பதில் குழித்தட்டின் ஒளிர்வைப் படிக்கும் பிளேட் ரீடர் கருவியின் பொறுப்பாளர் கற்றுத்தந்த ஒழுங்கு அபாரமானது. அளவுத்திருத்தத்துக்கு, ஒளிரும் சாயமான ஃபுளோரசீன் 10 மைக்ரோமோலார் செறிவில் 200 மைக்ரோலிட்டர் முதல் குழியில். மற்ற 11 குழிகளிலும் 100 மைக்ரோலிட்டர் பிபிஎஸ் என்ற உப்புக் கரைசல். ஒவ்வொன்றிலிருந்தும் 100 எடுத்து அடுத்ததில் கலந்து, 11ஆம் குழியிலிருந்து எடுத்த 100ஐக் கழிவில் விட வேண்டும். கை போகிற வேகத்தில் அதை 12ஆம் குழியில் விட்டால் சாயமில்லாத வெற்று மாதிரி கெட்டு, அளவுத்திருத்தம் முழுவதும் வீணாகும். கருவியின் ஒளியுணர் திறனான கெயினைத் தானியங்கியில் விடாமல் ஒரே எண்ணில் நிறுத்தாவிட்டால் இரண்டு நாள் அளவீடுகளை ஒப்பிடவே முடியாது. புள்ளியியல் ஆசிரியர் இதற்கு மேல் ஒரு படி போனார்: ஆர்சனிக் இல்லாத வெற்று மாதிரியின் சராசரியோடு திட்டவிலக்கத்தின் மும்மடங்கைக் கூட்டித்தான் கண்டறியும் எல்லையைச் சொல்ல வேண்டும், அந்த விலக்கமும் வெவ்வேறு காலனிகளிலிருந்து வர வேண்டும், ஒரே குடுவையைப் பல குழிகளில் ஊற்றி அல்ல.

உயிரிப் பாதுகாப்பு அலுவலருக்குத் தனி நன்றி. மரபணு மாற்றிய உயிரியை ஆய்வகத்துக்கு வெளியே விடக் கூடாது என்பது ஐஜெம் விதி. அதனால் உணரி கிணற்றுக்குப் போகவில்லை, கிணற்று நீர்தான் உணரியிடம் வந்தது. செல்களைக் கொன்ற பிறகும் ஆர்சனிக் அழிவதில்லை. அந்தக் கழிவை வடிகாலில் விடாமல் பெயரெழுதிய தனிக் கலனில் சேர்க்கும் நடைமுறையை வகுத்தவர் அவர். அந்தக் கலன்களை ஒவ்வொரு முறையும் பத்திரமாக எடுத்துச் சென்ற ஊழியர்களை எந்தப் படிவமும் கேட்கவில்லை. நாங்கள் மறக்கவில்லை.

நீர் மாதிரிகள் தந்த குடும்பத்தாருக்கு: எங்களுக்கு எண் வேண்டாம், குடிக்கலாமா கூடாதா என்று சொல்லுங்கள் என்றீர்கள். அந்தச் சொல்தான் திட்டத்தின் போக்கை மாற்றியது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். வங்கதேசம் போன்ற நாடுகளில் சட்ட அளவு 50. அகலமான அளவுகோலை விட்டுவிட்டு, இந்த இரண்டு எல்லைகளிலும் தெளிவாகப் பிரித்துக் காட்டும்படி உணரியைச் சரிசெய்தோம்.

டி.என்.ஏ. பாகங்களின் எழுத்து வரிசைகள் ஐஜெம் பதிவேட்டில் உள்ளன. செல்கள் கிளிசராலில், மைனஸ் 80 ஃப்ரீசரில் இருக்கின்றன. அடுத்த அணியினர் தொடரும்போது ஊடகத்தின் பாஸ்பேட் அளவை முதலில் பாருங்கள். மற்ற ஐயங்களுக்கு மேலே சொன்ன யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், கதவைத் தட்டினால் நேரம் ஒதுக்கித் தருவார்கள்.

நெஞ்சார்ந்த நன்றியுடன்,
ஆர்சனிக் உணரி அணியினர்